சீலிங்குக்கு மேலே நுரை

கோப்பாய்
19.11.2024

அன்பின் மச்சான் குகதாசனுக்கு,

நேற்றுக் காலை உங்கள் வீட்டுச் சீலிங்கிலிருந்து புழு விழுந்தது. ஒன்றிரண்டல்ல. வாடகைக்கு இருக்கும் கஜந்தினி பிள்ளை பெற்று மூன்று கிழமைதான் ஆகிறது. குழந்தைக்கு மேலே கட்டியிருந்த நுளம்பு வலையில் வெள்ளையாக ஏதோ சிந்திக் கிடக்க, அரிசி என்று நினைத்துக் கையால் தட்டியிருக்கிறாள். அரிசி நெளிந்தது.

போன் எடுத்தேன். "வேலையிலை நிக்கிறன், பிறகு கதைக்கிறன்" என்று வைத்தீர். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. வந்தாலும் நாங்கள் இருவரும் ஒருவரை மற்றவர் கதைக்க விடமாட்டோம். ஆகவே கையால் எழுதி, படம் பிடித்து, ஈமெயிலில் அனுப்புகிறேன். புழுவின் படமும் இருக்கிறது. பாரும்.

ஓகஸ்ட்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த கையோடு ஓட்டுக்கு அடியில், ஓட்டைச் சுமக்கிற சலாகைச் சட்டமும் வளை மரமும் மறைய மஞ்சள் நுரை அடிப்பித்தீர். வெக்கை இறங்காது, வாடகையைக் கூட்டலாம் என்றீர். ஓட்டுவீடு எப்படி மூச்சு விடும் என்று நான் கேட்டேன். "உது கனடாவிலை செய்யிற வேலை மச்சான், உங்களுக்கு விளங்காது" என்றீர். வீடு என் தங்கச்சி தயாளினியை உமக்குக் கட்டித் தரும்போது கொடுத்த சீதனம். பார்த்துக்கொள்வது மட்டும்தான் என் வேலை. வாயை மூடிக்கொண்டேன்.

இந்த மாதத் தொடக்கத்தில், சீலிங்குக்கு மேலே மோட்டுக்குள் இரவில் ஏதோ ஓடுகிறது என்று கஜந்தினி உமக்குச் செய்தி போட்டாளாம். நீர் அங்கிருந்தபடியே உமது ஆள் ஜெரிசனை அனுப்பி, தாழ்வாரத்தில் மிச்சமிருந்த ஓட்டையையும் நுரை ரின்னால் அடைப்பித்தீராம். அவன் போனது மத்தியானம். ஓடினது மரநாய்தான்; அது இரவில் திரியும், பகலில் மோட்டுக்குள் படுத்துக் கிடக்கும். இது ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அது உள்ளே நித்திரை கொள்ளும்போது வெளியே பூட்டியிருக்கிறீர்கள்.

இப்போது அந்த வீட்டுப் படலையில் நின்றாலே ஓங்காளிக்கிறது. உள்ளே போனால் மணம் நாக்கில் படுகிறது. நான் திரும்பி வந்து மூன்றுதரம் குளித்தும் மீசையில் நிற்கிறது. குழந்தைக்கு மூச்சு முட்டு இழுக்கிறது. தகப்பன் பிரவீணனுக்கு வவுனியாவில் வேலை, சனி ஞாயிறுதான் வருவான். பச்சைப்பிள்ளையோடு தனியே இருக்கிறவள் எங்கே போவாள்?

சீலிங்கைக் கழற்றி, நுரையை உரித்து எடுக்க உமது சம்மதம் வேண்டும். உடனே பதில் போடும். அந்தக் குழந்தை புழுவுக்குக் கீழேதான் கிடக்கிறது.

பஞ்சலிங்கம்


ஸ்காபரோ
20.11.2024

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

கடிதமும் படங்களும் கிடைத்தன. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திறந்தேன். நன்றி.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். நுரை, நுரை என்று எழுதாதீர்கள். சவர்க்காரத் தண்ணீரா அது? ஸ்ப்ரே ஃபோம். இங்கே அது இல்லாத வீட்டை ஒருவரும் வீடு என்று சொல்லமாட்டார்கள்.

எலி செத்திருக்கும். ஊரில் எலி சாகாத வீடு எது? பிள்ளை பெற்ற வீட்டில் சரக்குக் கறியும் திருக்கை மீன் கறியும் காய்ச்சுவார்கள், குளிர் பிடிக்கும் என்று யன்னலைப் பூட்டி வைப்பார்கள். அந்த மணத்தையும் என் கூரையின் தலையில் கட்டப் பார்க்கிறாளோ தெரியாது. ஜெரிசனுக்குச் சொல்லியிருக்கிறேன். சீலிங்கில் சின்னதாக ஒரு துளை போட்டு, இருப்பதை எடுத்துவிட்டு, அந்தத் துளையையும் ஃபோமால் அடைத்துவிடுவான்.

உரிக்கிற கதை வேண்டாம். அந்த வீட்டை வைத்து நான் போட்ட வீடியோவை நாற்பதினாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். கோப்பாய், புத்தூர்ப் பக்கம் வாடகை வீடு வைத்திருக்கிற ஒன்பது பேர் தங்கள் வீட்டுக்கும் அடித்துத் தரச்சொல்லி முற்பணம் அனுப்பியிருக்கிறார்கள். தை பிறக்க நான் ஊரோடு வந்து இந்தத் தொழிலைத் தொடங்குவதாக இருக்கிறேன். இந்த நேரத்தில் எங்கள் வீட்டிலேயே உரித்துக் கொட்டினால் ஊர் என்ன சொல்லும்?

பிழையாக நினைக்காதீர்கள். நீங்கள் சீலிங்குக்குப் போடுகிற சீற் விற்கிறவர். வலிகாமம் முழுக்க ஃபோம் அடித்தால் உங்கள் சீற்றை யார் வாங்குவது? எனக்கு இப்படியும் நினைப்பு ஓடுகிறது. ஓடுவதை எழுதுகிறேன்.

மச்சான், நான் இருபது வருடத்துக்கு மேலாக ஃபோம் அடிக்க மற்றவன் வீட்டு மோட்டுக்குள் வயிற்றால் தவழ்கிறவன். செத்த எலிக்கு மேலும் தவழ்ந்திருக்கிறேன், மற்றவன் கழிவுக் குழாய்க்கு மேலும் தவழ்ந்திருக்கிறேன். காலையில் காறித் துப்பினால் மஞ்சளாக வருகிறது. தயாளினிக்கு இது தெரியாது. நான் எழும்பி நடந்து திரியக்கூடிய ஒரு தொழில் எனக்கு வேண்டும். அதைக் கெடுக்காதீர்கள்.

குகதாசன்


கோப்பாய்
22.11.2024

குகதாசனுக்கு,

உமது ஜெரிசன் வந்தான். சின்னத் துளை போட்டான். துளையால் தலையைவிட்டவன் அதே வேகத்தில் ஏணியால் இறங்கி, கிணற்றடிவரை ஓடிச் சத்தி எடுத்தான்.

"ஐயோ அண்ணை, எனக்கு ஏலாது. காசும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

"அடைக்கேக்கை ஏலுமாயிருந்ததோ?"

"கனடா அண்ணை அடையெண்டார், அடைச்சன். உள்ளுக்கை குடும்பம் இருக்குதெண்டு எனக்கென்ன தெரியும்?"

கடைசியில் மூக்கில் துவாயைக் கட்டிக்கொண்டு நானே ஏறினேன். எலி இல்லை மச்சான். தாய் மரநாயும் நாலு குட்டியும். ஒரு குட்டி ஓட்டையால் வெளியே வரப் பார்த்திருக்கிறது. பொங்கிய நுரையோடு ஒட்டிக் காய்ந்து, பாதி உடம்பு நுரை, பாதி உடம்பு புழு. தாய் நுரையைக் கடித்துக் கடித்துக் கிடங்கு தோண்டியிருக்கிறது. வாய் நிறைய மஞ்சள். வயிறு வெடித்துச் சீலிங் பலகையில் ஊறி, அதுதான் வலைக்கு மேல் சொட்டியிருக்கிறது. கடகத்தில் அள்ளும்போது தோல் கையோடு வந்தது. மொய்த்துப் பறந்த இலையான் என் வாய்க்குள்ளும் போனது.  நீர் திருக்கைக் கறி என்று எழுதினீரே, அதற்காகத்தான் விவரமாக எழுதுகிறேன்.

சீற் விற்கிறவன் என்றீர். ஓம், விற்கிறவன்தான். சண்டையில் எரிந்த வீடுகளில் ஆணி பொறுக்கி, நிமிர்த்தி, சைக்கிளில் கொண்டுபோய் விற்றுத் தொடங்கினவன். நல்ல விலையும் வைப்பேன். ஆனால் அழுகினதற்கு மேலே பூசி, இந்தா புதிது என்று ஒருவனிடமும் கொடுத்ததில்லை.

கஜந்தினியையும் குழந்தையையும் என் கடை மேல்மாடிக்குக் கொண்டுவந்துவிட்டேன். நாலு வீட்டில் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் "பாவம், பாவம்" என்றார்கள். முப்பத்தொன்றாம் நாள் வந்து தீட்டுக் கழியாத துடக்குக்காரியை உள்ளே எடுக்க ஒருவரும் இல்லை. என் மனுசி மீனாம்பிகையும் முதலில் முகத்தைத் திருப்பினாள்.

"கடையிலை சாமிப்படம் கிடக்குது. துடக்கை மேலை வைச்சுக்கொண்டு எப்பிடியப்பா விளக்குக் கொளுத்துறது?"

"கொளுத்தாதை. சாமி கொஞ்ச நாள் இருட்டிலை இருக்கட்டும். உந்தப் புழுவுக்குக் கீழை இருந்து வந்ததுகளைப் பார்த்தால் துடக்கு ஒரு ஊத்தையே?"

அடுப்படிக்குப் போனவள், கொஞ்ச நேரத்தில் சுடுதண்ணீர்க் கிடாரத்தோடு மேலே ஏறினாள். இப்போது குழந்தையை என்னிடம் தருகிறாளில்லை, என் கை மணக்குதாம்.

இன்னொன்று. மேலே நிற்கும்போது, வடக்கு அறைக்கு நேரே, வளை இருக்க வேண்டிய இடத்தில் நுரையை விரலால் அமத்திப் பார்த்தேன். விரல் போய்க்கொண்டே இருந்தது. மரம் தட்டுப்படவில்லை. இழுத்தால் நகத்துக்குள் கறையான் மண்.

குகதாசன், நுரை அடிக்க முதல் அந்த வளை எப்படி இருந்தது?

பஞ்சலிங்கம்


ஸ்காபரோ
24.11.2024

மச்சானுக்கு,

மரநாய் விசயம் கவலைதான். நான் என்ன, வேண்டுமென்றா செய்தேன்? துப்புரவாக்குகிற செலவு என்னுடையது. படங்களை மட்டும் ஒருவருக்கும் காட்ட வேண்டாம். ஜெரிசனையும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு இரண்டுதரம் எழுதி இரண்டுதரம் அழித்தேன். சரி, நேரே சொல்கிறேன். வளை ஓகஸ்ட்டிலேயே அப்படித்தான் இருந்தது. தொண்ணூற்றைந்து இடப்பெயர்வுக்குப் பிறகு அவசரத்தில் போட்ட மரம்தானே, பனை இல்லை. தட்டினேன், பொருபொருவென்று கொட்டியது. வளை மாற்றுவதென்றால் அந்தப் பக்க ஓடு முழுவதும் இறக்க வேண்டும். எனக்கு லீவு மூன்று கிழமை. தேரும் பார்க்க வேண்டும், வீடியோவும் எடுக்க வேண்டும். ஃபோம் இறுகினால் கல்லு மாதிரி நிற்கும், பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இங்கேயும் அதுதான் நடக்கிறது. நிலக்கீழ் அறையை வாடகைக்கு விடுகிறவன் சுவரில் கறுப்புப் பூஞ்சணத்தைக் காட்டி, "இதுக்கு மேலை அடிச்சுவிடு தம்பி, வாற மாசம் ஆள் வருகுது" என்பான். அடித்துவிட்டு வருவோம். அதால் ஒருவரும் செத்ததாக நான் கேள்விப்படவில்லை. நாங்களும் கேட்டுப் போவதில்லை.

கஜந்தினி போனது போகட்டும். அது ஒருவகையில் நல்லதும்கூட. நல்ல பினைலாகப் பார்த்து ஊற்றிக் கழுவி, சீலிங்குக்கு வெள்ளை அடித்து, டிசம்பர் முதலாம் திகதிக்குப் புது ஆளைப் பிடியுங்கள். கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் என்றால் கூரையைப் பார்க்கமாட்டார்கள்.

வளை விசயம் எங்கள் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

குகதாசன்


கோப்பாய்
28.11.2024

குகதாசனுக்கு,

புது ஆள் பிடிக்கத் தேவையில்லை. நேற்றுப் பின்னேரம் வடக்கு அறைக் கூரை கீழே வந்துவிட்டது.

மூன்று நாளாகப் பேய்மழை. கோப்பாய்த் தரவை வெளியெல்லாம் வெள்ளம். ஓட்டு இடுக்கால் இறங்குகிற தண்ணீர் முந்தியென்றால் சுவரில் வடிந்து காய்ந்துவிடும். இப்போது நுரைக்கும் ஓட்டுக்கும் இடையில் நின்று ஊறியிருக்கிறது. பிரவீணன் லீவு போட்டு, குழந்தையின் சாமான்களை எடுக்க வந்திருந்தான். ஒத்தாசைக்கு நானும் போனேன். ஏணைத் தொட்டிலை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வெளிவிறாந்தைக்கு வந்திருப்போம். உள்ளே மாடு இருமினதுபோல ஒரு சத்தம்.

மச்சான், ஓட்டுக்கூரை விழுந்து நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஓடு ஒன்று இரண்டாகச் சறுக்கும், ஆள் ஓட நேரம் இருக்கும். உமது நுரை அத்தனை ஓடுகளையும் சலாகையையும் ஒன்றாக ஒட்டி வைத்திருந்ததல்லவா? பாய் விழுந்ததுபோல ஒரே துண்டாக விழுந்தது. பிடித்துக்கொள்ளும் என்று எழுதினீர். பிடித்துக்கொண்டுதான் விழுந்தது. கட்டில் கால் நாலும் நிலத்தில் பரவிக் கிடக்கிறது. அந்தக் கட்டிலில்தான் தாயும் பிள்ளையும் கிடந்தவர்கள். உடைந்த இடத்தில் பார்த்தேன். வெளியே மஞ்சள், உள்ளே கறையான் புற்று, அதற்குள் மரநாயின் பீ, தண்ணீரில் ஊறிச் சீழ்போல வடிந்துகொண்டிருந்தது. நாற்பதினாயிரம் பேர் பார்த்த அழகு அது.

பிரவீணன் ஏணையை விறாந்தையில் வைத்தான். பிறகு கேட்டான்.

"அண்ணை, கூரை பழுதெண்டு வீட்டுக்காரருக்கு முதலே தெரியுமோ?"

வளை விசயம் இரண்டு பேரோடு இருக்கட்டும் என்றீர். நான் அவனுக்கு ஓம் என்றேன்.

"தெரிஞ்சுகொண்டோ எங்களை இருக்க விட்டவை?"

அதற்கும் ஓம் என்றேன். அவன் ஏச்சுக்கூட ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நிலத்தில் காறித் துப்பினான். அது உமக்கா எனக்கா என்று நான் கேட்கவில்லை.

இன்று குழந்தைக்கு முப்பத்தொன்று. கடைக்கு மேலேயே மொட்டை வழித்து, துடக்குக் கழித்தார்கள். ஊருக்குள் இருந்து நாலு பேர் வந்தார்கள். இடம் கொடுக்காத நாலு வீட்டாரும்தான்.

இப்போது வியாபாரம் கதைப்போம். அந்த வீட்டில் இனி உமது கையால் ஒரு ஆணி அடிபடக்கூடாது. வீட்டை எனக்குப் பத்து வருடக் குத்தகைக்கு எழுதித் தாருங்கள். சீதன வீடு என்றாலும், தேசவழமைச் சட்டப்படி தங்கச்சி எழுத நீரும் ஒப்பம் வைக்க வேண்டும் என்று பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு சொல்கிறார். ஒப்பம் வைக்காவிட்டால் உமது 24ஆம் திகதிக் கடிதத்தைக் கொண்டுபோய், அந்த ஒன்பது வீட்டுக்காரருக்கும் நானே வாசித்துக் காட்டுவேன்.

தயாளினிக்கு ஞாயிற்றுக்கிழமை எழுதுவேன். அதற்கு முதல் நீர் சொன்னால் உமக்கு நல்லது.

பஞ்சலிங்கம்


ஸ்காபரோ
2.12.2024

மச்சானுக்கு,

சொன்னேன். கதையாகச் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் கடிதங்களையும் என் கடிதங்களையும் அவளிடம் கொடுத்துவிட்டு காருக்குள் போய் இருந்தேன். திரும்பி வர, என் வேலைச் சட்டை வாசலுக்கு வெளியே பனியில் கிடந்தது.

"உதை உள்ளுக்குக் கொண்டு வராதையுங்கோ."

"மணக்குதோ?"

"எனக்கு முந்தியே மணந்தது. வேலை மணம் எண்டு பொறுத்தன்."

அவ்வளவுதான் கதைத்தாள். பிள்ளை பெத்தவளின் பெயரை மட்டும் ஒருக்கால் கேட்டாள். கஜந்தினி என்றேன். நான் மூன்று மாதம் வாடகை வாங்கியிருக்கிறேன், அவள் பெயரை அன்றுதான் வாயால் சொன்னேன்.

நீங்கள் வாசித்துக் காட்டத் தேவையில்லை. ஒன்பது பேருக்கும் நானே போன் எடுத்தேன். மரநாய், வளை, கூரை, எல்லாம் சொன்னேன். எட்டுப் பேர் ஏசினார்கள், முற்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அனுப்புகிறேன். ஒருவர் மட்டும், "அதாலை என்ன தம்பி, வாடகைக்கு விடுற வீடுதானே, நாங்களே படுக்கப் போறம்? நீர் வந்து அடியும்" என்றார்.  அது என் குரல் மாதிரியே இருந்தது. அவருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

தைக்கு வரமாட்டேன். அடுத்த கிழமை ஒரு மோட்டு வேலை இருக்கிறது. நெஞ்சை டொக்டரிடம் காட்டும்வரை போகக்கூடாது என்று தயாளினி பிடிவாதமாக நிற்கிறாள்.

ஒப்பம் வைக்கிறேன். ஆனால் பத்து வருடம் அதிகம். ஐந்து போதும். நீங்களும் சும்மா கேட்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

குகதாசன்


கோப்பாய்
9.12.2024

மச்சான் குகதாசனுக்கு,

சும்மா கேட்கவில்லைத்தான். கோப்பாயில் கிணறும் வளவும் உள்ள வீடு. லாபம் இல்லாமல் நான் ஏன் கையை வைக்கிறேன்? பத்து என்று கேட்டால்தான் ஏழு வருடமாவது வரும். தயாளினி நேற்று எனக்குப் போன் எடுத்து, "அண்ணை, ஏழு. இதுக்கு மேலை ரெண்டுபேரும் கதைக்கப்படாது" என்று முடித்துவிட்டாள். எங்கள் இருவரைவிட வியாபாரம் தெரிந்தவள் அவள்தான்.

நெஞ்சைக் காட்டும். அதைத் தள்ளிப்போடாதையும்.

நுரை உரிக்கிற வேலை நடக்கிறது. சுரண்டச் சுரண்டப் பிசினாக வருகிறது. பழைய ஓட்டில் பாதி அதோடு போய்விட்டது. உரித்ததை எரிக்கவும் முடியாது, அந்தப் புகை உமது நாற்றத்தைவிடப் பெரிய நாற்றம். பிரதேச சபைக்காரனும் குப்பை வண்டியில் ஏற்றமாட்டேன் என்கிறான். உரப்பைகளில் கட்டி வளவு மூலையில் அடுக்கியிருக்கிறது. வேலையாட்கள் மத்தியானச் சோற்றை வீதிக்குக் கொண்டுபோய்த்தான் சாப்பிடுகிறார்கள்.

குழந்தைக்கு முட்டுக் குறைந்துவிட்டது. கஜந்தினி திரும்ப அந்த வீட்டுக்கு வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். நானாகக் கேட்கவும் இல்லை. அவளே கடைக்கு இறங்கி வந்து, கல்லாவுக்கு முன்னால் நின்று கேட்டாள்.

"வளை எந்த மரம் போடுறியள் அண்ணை?"

"முதிர்ந்த பனை. நான் நிண்டு பார்த்துத்தான் ஏத்துவன்."

"நீங்கள் மட்டும் பார்த்தால் காணாது. எனக்குக் கண்ணாலை தெரியவேணும்."

முதலில் எனக்கும் சுருக்கென்றது. பிறகு யோசித்தேன். அவள் ஏன் என்னை நம்ப வேண்டும்? வீட்டுக்கு ஆள் பிடித்து வைத்தவன் நான்தானே. அவள் சொன்னதற்கு ஒத்துக்கொண்டேன். கடையில் நின்ற ஜெரிசன் மட்டும், சீற் முதலாளியின் குத்தகை வீட்டுக்கே சீற் இல்லையோ என்று சிரித்தான். சிரிக்கட்டும்.

பத்திரம் தூதரகம் வழியாக வரும். இருவரும் ஒப்பம் வைத்து அனுப்புங்கள். பேசி முடித்தது இதுதான்:

குத்தகை ஏழு வருடம். வளை, சலாகை, ஓடு, கூலி எல்லாம் என் செலவு. நுரை உரிக்கிற செலவும் அந்த உரப்பைகளை அகற்றுகிற செலவும் உம்முடையவை. கூரை முடிகிற மாதத்திலிருந்து நான் தயாளினியின் பெயருக்கு மாதம் பத்தாயிரம் போடுவேன். உமது கணக்குக்கு அல்ல.

கஜந்தினி எனக்குத் தருவது மாதம் இருபத்திரண்டாயிரம், முற்பணம் இல்லை. மிச்சப் பன்னிரண்டாயிரத்தில் கூரைச் செலவு போக வருவது என் லாபம். வீட்டின் எந்த அறையிலும் சீலிங் போடுவதில்லை. குழந்தையோடு மல்லாந்து படுத்துப் பார்த்தால் வளை முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாத மாதம் வாடகை இல்லை.

பஞ்சலிங்கம்